பட்டியலில் இல்லாத பெயர்

உயர்ந்த ஒரு பணியைச் செய்ய வேண்டும் என்று ஒருவர் உண்மையாகவே விரும்புகிறார். அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார். ஆனால் அப்பணிக்குரிய கல்வியின் வாசல் அவருக்குத் திறக்கவில்லை. அந்த மறுப்பை அவர் எவ்வாறு புரிந்துகொள்வது? ‘கிடைக்காததை விரும்பாதே’ என்று வைராக்கியத்தின் பெயரால் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விருப்பம் பிற உயிரின் துன்பத்தைத் தீர்க்க வேண்டும் என்ற விருப்பமாக இருந்தால்? அதையும் விட்டுவிடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாகப் பேசாமல், ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை அதன் பெயர் போர்ட் பிளேர். அங்கே விமான நிலையத்தை ஒட்டி அமைந்திருக்கும் பகுதி லம்பா லைன். தீவுகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். லம்பா லைனில் வாழும் ஒரு மாணவியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். ஆடும் கோழியும் வளர்க்கும் வீடு. கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய சிறு வயது முதலான ஆசை.

தீவுகளில் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. படிக்க வேண்டுமானால் கடல் கடந்து பெருநிலத்துக்கு வர வேண்டும். சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். படிப்பு, ஓராண்டு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். அதற்கான வழிகளோ மிகக் குறைவு. நாடெங்கும் உள்ள அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு இடங்கள் நீட் மதிப்பெண் அடிப்படையில், இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. தீவு மாணவர்களுக்கென்று பெருநிலக் கல்லூரிகளில் ஒதுக்கப்படும் சில இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்படுகின்றன என்றாலும், அவை அம்மாநில மாணவர்களுக்கு உரியவை. ஆகவே லம்பா லைன் மாணவி எதிர்பார்த்துக் காத்திருக்கும் பட்டியல் மிகவும் சிறியது. ஒரு நாள் அது வெளியாகிறது. அவள் பெயர் அதில் இல்லை.

இனி அவளுடைய மனத்தில் நிகழ்வதைக் கவனிப்போம். முதலில் தோன்றுவது துக்கம். அது இயல்பானது, அதனோடு சண்டையிட வேண்டியதில்லை. ஆனால் சில நாட்களில் துக்கம் ஒரு வாக்கியமாக மாறுகிறது. ‘எனக்கு இடம் கிடைக்கவில்லை’ என்றிருந்தது, ‘நான் தகுதியற்றவள்’ என்று ஆகிவிடுகிறது. முதல் வாக்கியம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. இரண்டாவது ஒரு தீர்ப்பு. நிகழ்ச்சியிலிருந்து தீர்ப்புக்கு மனம் எப்போது தாவியது என்பதை மனமே அறிவதில்லை. வேதாந்தம் அத்யாசம் என்று விளக்குவது இதைப் போன்ற ஒன்றைத்தான்: ஒன்றின் இயல்பை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுவது. பட்டியலின் இயல்பு ஆன்மாவின் மேல் ஏற்றப்படுகிறது.

பட்டியலின் இயல்பு என்ன? அது எங்கோ ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும். இடங்கள் ஐம்பது என்றால் ஐம்பதாவது பெயரோடு முடியும். ஐம்பதாமவருக்கும் ஐம்பத்தொன்றாமவருக்கும் இடையில் இருப்பது கருணையின் வேறுபாடோ ஆற்றலின் வேறுபாடோ அன்று. பல சமயங்களில் ஒரே ஒரு கேள்விக்கான விடைதான். அதுவும் இல்லாமல் போவதுண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் இருவர் எல்லா வகையிலும் சமமாக நின்றால், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால், இறுதியில் ‘ரேண்டம் எண்’ என்னும் குலுக்கல் எண் முடிவு செய்கிறது. அந்த எண் ஒருவரது உள்ளத்தை அளக்கிறது என்று யாராவது சொல்வார்களா? பட்டியல் தயாரிப்பவர்கள் அப்படிச் சொல்வதே இல்லை. சொல்பவர்கள் நாம்தான், அதுவும் நம்மைப் பற்றி நாமே.

இந்த இடத்தில் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கை பலருக்கும் நினைவு வரும். விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எட்டுப் பேர். மனம் உடைந்து ரிஷிகேசம் சென்றவர் அங்கே சுவாமி சிவானந்தரைச் சந்தித்துத் தேறுதல் பெற்றார். ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி இது. இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் சொல்லும்போது ஒரு பிழை நேர்ந்துவிடுகிறது. ‘ஒன்பதாமவர் குடியரசுத் தலைவரானார், ஆகவே நீயும் கவலைப்படாதே’ என்ற பொருளில் சொல்லிவிடுகிறோம். பத்தாமவர் என்ன ஆனார்? இருபத்தைந்தாமவர்? அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பி, யாரும் அறியாத வாழ்க்கையை நேர்மையாக வாழ்ந்திருக்கக்கூடும். அந்த வாழ்க்கையும் மதிப்புடையதுதான் என்று சொல்லத் தெரியாத தேறுதல், தேறுதல் ஆகாது. பிற்காலப் பெருமையைக் கொண்டு இன்றைய மறுப்பை நியாயப்படுத்த முயன்றால், அந்தப் பெருமை வராதபோது மறுப்பு இரு மடங்கு கனக்கும்.

லம்பா லைன் மாணவியிடம் இன்னொரு வேதனையும் உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவாள். நம் நாட்டில் கால்நடை மருத்துவ இடங்களைப் பெறுவோரில் பலர் முதலில் விரும்பியது மனித மருத்துவத்தை. அது கிடைக்காததால் இங்கே வருகிறார்கள். விலங்குகளை முதலாவதாக நேசித்தவளுக்கு இடமில்லை. இரண்டாவதாக ஏற்றவருக்கு இடம் உண்டு. இது நியாயமா?

நியாயம் என்று சொல்ல நாம் துணிய மாட்டோம். ஆனால் பொறாமையின் கண்ணோடு பார்க்கும்போது ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. அந்த இடத்தைப் பெற்றவரும் வேறொரு பட்டியலில் விடுபட்டவர். அவரும் ஓர் இரவு அழுதிருப்பார். அவரை விலக்கி மருத்துவ இடம் பெற்றவரும் தாம் விரும்பிய கல்லூரி கிடைக்காமல் வேறொரு கல்லூரிக்குச் சென்றிருப்பார். இப்படி மேலே மேலே பார்த்துக்கொண்டு போனால், மறுக்கப்பட்டவர்களின் நீண்ட வரிசை ஒன்று தெரியும். தன்னை அந்த வரிசைக்கு வெளியே தனியாக நிற்பவளாக நினைப்பதுதான் அவள் துன்பத்தில் பாதி. மேலும், இரண்டாம் விருப்பமாக வந்தவர் முதல் கன்றுக்குட்டியைப் பிரசவிக்க உதவிய நாளில் அந்தப் பணியையே தம் வாழ்வாக உணர்ந்துவிடலாம். அன்பு வரிசை எண்ணைப் பார்த்து வருவதில்லை.

சரி, அன்புதானே முக்கியம், பட்டம் எதற்கு, பட்டமில்லாமலே சேவை செய்யலாமே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். கேட்க இனிமையான பேச்சு. ஆனால் முழு உண்மை அன்று. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக்கூடாது. உரிய பயிற்சி பெற்றவர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளைச் செய்ய மட்டுமே அதில் இடமுண்டு. இது வேண்டும்தான். தவறான ஊசி போடப்பட்ட பசுவால் யாரிடமும் முறையிட முடியாது. எங்கே வலிக்கிறது என்றே சொல்ல இயலாத உயிருக்காக, வாசலில் காவல் நிற்பது அந்தச் சட்டம். உண்மையாகவே விலங்குகளை நேசிப்பவள், மனம் அமைதியடைந்த ஒரு நாளில் சிந்தித்தால், அந்த வாசல் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று தானே விரும்புவாள். தன்னை வெளியே நிறுத்திய கதவின் தேவையையும் ஒப்புக்கொள்வது கடினம். ஆனால் விருப்பம் தன்னைச் சுற்றியதா, அந்த உயிர்களைச் சுற்றியதா என்பது தெரிவது இங்கேதான்.

கண்டிப்பு வேறு, அநீதி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அயர்லாந்தில் 1868-ஆம் ஆண்டு பிறந்த அலீன் கஸ்ட் என்ற பெண்மணி எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றார். உடன் பயின்ற ஆண்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். ஆனால் 1897-ஆம் ஆண்டு, பட்டம் வழங்கும் லண்டன் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ், பெண் என்ற ஒரே காரணத்தால் அவரைத் தேர்வு எழுத அனுமதிக்கவில்லை. வழக்குத் தொடுத்தார், பயனில்லை. அவருடைய கல்லூரி முதல்வர் அவரது தேர்ச்சிக்குச் சான்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு அயர்லாந்து திரும்பி, ராஸ்காமன் பகுதியில் ஒரு மருத்துவரின் துணையாகப் பணியைத் தொடங்கினார். குதிரை மீதேறிப் பண்ணை பண்ணையாகச் சென்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குச் சென்று காயமுற்ற போர்க்குதிரைகளுக்குப் பணிபுரிந்தார். 1919-ஆம் ஆண்டு பெண்களுக்கான தடையை நீக்கிச் சட்டம் வந்தது. 1922 டிசம்பரில், தம் 54-ஆம் வயதில், பிரிட்டனில் கால்நடை மருத்துவராக அங்கீகரிக்கப்பட்ட முதல் பெண் என்ற நிலையை அடைந்தார்.

இதில் நம்மைக் கவர வேண்டியது அந்த வெற்றி மட்டுமன்று. பட்டயம் வந்தபோது அவரது உழைப்பின் சிறந்த காலம் கடந்துவிட்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் தம் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார். அந்தத் தாள் இல்லாமலே ஓர் ஆயுட்காலப் பணி நடந்து முடிந்திருந்தது. அப்படியானால் அதை ஏன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்? பணிக்கு அது தேவைப்பட்டதோ இல்லையோ, நீதிக்குத் தேவைப்பட்டது. பின்னால் வரும் பெண்களுக்குத் தேவைப்பட்டது. 1937-இல் அவர் மறைந்தபோது, தம்மைப் பல ஆண்டுகள் வெளியே நிறுத்திய அதே அமைப்புக்கு, ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றை நிறுவுவதற்காகப் பணம் எழுதி வைத்திருந்தார். கசப்பு ஒருவரது உள்ளத்தில் தங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நமது பாரம்பரியத்தில் இந்தப் பிரச்சினை பேசப்பட்டிருக்கிறதா என்றால், வியக்கத்தக்க விதத்தில் பேசப்பட்டிருக்கிறது. சாந்தோக்ய உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயத்தில் வரும் சத்யகாமனை நாம் அறிவோம். குலம் தெரியாத சிறுவன். உண்மையை மறைக்காமல் சொன்னான் என்ற ஒரே தகுதிக்காகக் கௌதமர் அவனை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு என்ன கொடுத்தார்? மெலிந்து நலிந்த 400 பசுக்களை! அவற்றை ஆயிரமாக்காமல் திரும்புவதில்லை என்று அவன் காட்டுக்குச் சென்றான். அவனுக்கு முதல் உபதேசம் ஒரு காளையிடமிருந்து கிடைத்தது. கால்நடைகளைப் பேணுவதைக் கல்வியின் வாயிலாகவே வைத்த கதை இது. நமது மாணவிக்கு இது இனிக்கும். ஆனால் அவளுக்கு அதிகம் தேவைப்படுவது அடுத்து வரும் கதை. நாம் அதை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

சத்யகாமன் பின்னர் குருவானார். அவரிடம் உபகோசலன் என்னும் மாணவன் 12 ஆண்டுகள் தங்கி, வேள்வித் தீக்களைப் பேணி வந்தான். மற்ற மாணவர்களுக்கெல்லாம் கல்வியை நிறைவு செய்து வீட்டுக்கு அனுப்பினார் ஆசிரியர். உபகோசலனை மட்டும் அனுப்பவில்லை, காரணமும் சொல்லவில்லை. எந்தத் தகுதியும் பாராது தாம் ஏற்கப்பட்ட ஒருவரே, தகுதியோடு காத்திருந்தவனுக்கு வாய் திறக்காமல் பயணம் போய்விட்டார். உபகோசலன் துக்கத்தால் உண்ண மறுத்தான். ‘உள்ளத்தில் பல ஆசைகள் பல திசைகளில் ஓடுகின்றன, நான் நோய்களால் நிறைந்திருக்கிறேன்’ என்ற பொருள்பட, தன்னை அழைத்த குருபத்தினியிடம் சொன்னான். மறுக்கப்பட்ட மாணவனின் மனநிலையை இவ்வளவு மருத்துவத் துல்லியத்தோடு வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அப்போது, அவன் பேணி வந்த தீக்களே இரக்கம் கொண்டு அவனுக்கு உபதேசம் செய்தன. பன்னிரண்டு ஆண்டுகள் எதைக் கடமையாகச் செய்துவந்தானோ, அதுவே வாய் திறந்தது. பிராணனைப் பற்றியும் ஆனந்தத்தைப் பற்றியும் ஆகாசத்தைப் பற்றியும் அவை சொல்லின. ஆயினும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, செல்லும் வழியை ஆசிரியர் சொல்வார் என்று நிறுத்திக்கொண்டன. இந்த நுட்பம் மிக முக்கியமானது. ஆசிரியர் தேவையில்லை என்று தீக்கள் கூறவில்லை. ஆசிரியர் திரும்பி வந்து, அவன் முகத்தின் ஒளியைக் கண்டு வியந்து, எஞ்சியதைத் தாமே கற்பித்தார்.

இதை நமது மாணவியின் நிலையோடு பொருத்திப் பார்க்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் உயிரியல் படித்தாள். வீட்டு ஆடுகளைப் பேணினாள். அவை விண்ணப்பத்துக்கான தயாரிப்பு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தால், மறுப்பு வந்ததும் அவை வீணாகிவிடும். அவற்றையே பணியாகக் கொண்டிருந்தால், அவை கற்பித்தது அவளிடமே இருக்கிறது. அறுவை செய்யும் உரிமை கிடைக்காமல் போகலாம்; அந்த வாசல் வேறொருவர் கையில். எல்லோருக்கும் தீ வந்து பேசிவிடும் என்றும் நாம் வாக்களிக்க முடியாது. பேசாவிட்டாலும் அதைப் பேணிய கைகள் பழகியிருக்கும்.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அந்தக் குருபத்தினி இரண்டு காரியங்களைச் செய்தாள். முதலில், ஆசிரியரிடம் மாணவனுக்காகப் பரிந்து பேசினாள். பின்னர், மாணவனிடம் சென்று ‘சாப்பிடு, ஏன் சாப்பிடவில்லை?’ என்று கேட்டாள். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சுட்டிக் காட்டவில்லை. அவன் பதில் சொல்லும்படி கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். தேர்வு முடிவுகளின் பொருட்டு நம் நாட்டில் இளம் உயிர்கள் பறிபோயிருக்கின்றன. உண்ணாமலும் உறங்காமலும் இருக்கும் பிள்ளையின் மௌனத்தைப் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தீவுகள் உட்பட நாடெங்கும் இயங்குகிறது. உதவி கேட்பது பக்திக்கோ தைரியத்துக்கோ குறைவன்று.

மீண்டும் விண்ணப்பிப்பதா, நிறுத்துவதா? இதற்குப் பொதுவிடை கிடையாது. நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. இது ஒரு சலுகை. அதே சமயம் ஒரு சோதனையும்கூட. ‘போதும்’ என்று வெளியிலிருந்து யாரும் சொல்லப் போவதில்லை. அதைத் தானே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கேள்வி உதவலாம்: ‘டாக்டர்’ என்று லம்பா லைனில் ஒருவர்கூட என்னை அழைக்க மாட்டார்கள் என்றாலும், இந்தப் படிப்பை நான் விரும்புவேனா? ஆம் என்றால், குடும்பத்தின் பொருளாதாரம் தாங்கும்வரை இன்னொரு முறை முயல்வது நியாயமே. எத்தனை முறை என்பதை முடிவு வருவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, பெற்றோரோடு அமர்ந்து தீர்மானித்துக்கொள்வது நல்லது. முடிவு வந்த இரவில் தீர்மானிக்கக் கூடாது.

இல்லை என்ற விடை வந்தாலும் அதில் இழிவு ஒன்றும் இல்லை. தீவிலேயே, ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயத்தில் விலங்கியல் படிக்கலாம். கராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிக்கோபாரிக் கோழி, தீவுப் பன்றி, டெரெசா ஆடு போன்ற உள்ளூர் இனங்களைப் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார் மக்கள் உறவுகளையும் வீடுகளையும் இழந்தார்கள். பன்றிகளையும் கோழிகளையும் தென்னைகளையும் இழந்தார்கள். அவர்களுடைய சடங்குகளும் விருந்துகளும் பன்றியைச் சுற்றியே அமைந்தவை. கால்நடைகளை மீண்டும் பெருக்கிக் கொடுக்கும் வேலையை மருத்துவர்கள் மட்டும் செய்துவிட முடியாது. அதேபோல், பெருநிலத்தில் அஞ்சப்படும் வெறிநாய்க்கடி நோய் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இல்லை என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. அந்த நிலை தொடர வேண்டுமானால், கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கும் ஒவ்வொரு விலங்கின் மேலும் யாராவது கண் வைத்திருக்க வேண்டும். அந்த விமானங்கள் இறங்குவது லம்பா லைன் வீடுகளுக்கு அருகில்தான்.